சண்முகலிங்கத்தின் ஒன்பது ஓடுகள்

ஒன்பதாவது ஓட்டைத் துடைத்ததும் சண்முகலிங்கம் அதன்மேல் குனிந்து, மூக்குக்கண்ணாடியில் ஊதுவதுபோல "ஹா" என்று ஒருமுறை ஊதுகிறார். பிறகு மனைவியின் பழைய நூல்சேலைத் துண்டால் கடைசித் தேய்ப்பு. காலை ஆறரை மணி. கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வாடகை வீட்டுக் கூரையின்மேல், காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு குந்தியிருக்கிறார். சட்டைப்பையில் அடையாள அட்டை. அதில்லாமல் கூரைக்குக்கூட ஏறமாட்டார். "விழுந்து கிடந்தாலும் ஆரெண்டு தெரியவேணுமெல்லோ" என்பார்.

ஐம்பத்தெட்டு வயதாகிறது. கொட்டாஞ்சேனையில் ஹாஷிமின் கடையில் கண்ணாடி வெட்டுகிறார். வெட்டும்போது யாரோடும் பேசமாட்டார். வெட்டி முடிந்ததும் சோதனை பாஸான பிள்ளையைத் தட்டுவதுபோல் துண்டை மெல்லத் தட்டிக்கொடுப்பார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வெளியே பார்ப்பதில்லை. கண்ணாடியைத்தான் பார்ப்பார். "நாலு மில்லிமீற்றர்தான் தடிப்பு. வெடிச்சுதெண்டால் ஒருத்தரும் மிஞ்சாயினம்" என்று ஒருநாள் அவர் தமக்குள் முணுமுணுக்க, பக்கத்திலிருந்தவர் குண்டாக்கும் என்று பயந்து எழுந்து பின் இருக்கைக்குப் போய்விட்டார்.

போன வருடம் ஒரு ஹோட்டலின் கண்ணாடிக் கூரை வேலை ஹாஷிமின் கடைக்கு வந்தது. வெயிலை மின்சாரமாக்கும் கருநீலச் சில்லுகளைக் கண்ணாடிக்குள்ளேயே பதித்துக் கொடுக்கவேண்டும். மூலை உடைந்த சில்லுகளை ஹோட்டல்காரர் வேண்டாமென்று ஒதுக்கினர். "கொண்டு போங்க அண்ணன், எனக்கு என்னத்துக்கு?" என்றார் ஹாஷிம். சண்முகலிங்கம் அவற்றைக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். ஒரு கண்ணாடி ஓட்டுக்கு நான்கு சில்லு என்று பதித்து, அடுப்படிக் கூரையில் ஒன்பது மண்ணோடுகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இவற்றைச் செருகினார். சில்லுகளின் இடைவெளியால் வெயில் கீற்றுக் கீற்றாக அடுப்படியில் இறங்கும். மின்சாரமோ வயர் வழியே கட்டிலுக்கடியில் இருக்கும் பற்றரிக்குப் போய்ச் சேரும்.

இத்தனையும் மனைவி கனகேஸ்வரியின் மூச்சுக்காக. இரண்டாயிரத்தோராம் ஆண்டு மழை பொய்த்து, கொழும்பில் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. ஒரு மின்வெட்டின்போது அவருக்கு இழுப்பு வந்தது. மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் நெபுலைசர் மெஷின் மேசையில் சும்மா கிடந்தது. முச்சக்கர வண்டியில் களுபோவில ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வழியில் சோதனைச் சாவடி. இறங்கு, அட்டையைக் காட்டு, ஏறு. மனைவியின் உதடு நீலம் பாரித்ததைச் சண்முகலிங்கம் அந்த வரிசையில் நின்றுதான் பார்த்தார். அந்த நீலத்தை அவர் இன்னும் மறக்கவில்லை.

சில்லுகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றின்மேல் அழுக்குப் படிந்தாலும் போதும், மற்ற எல்லாமே சோர்ந்துவிடும். அதனால்தான் இந்தத் தினசரித் துடைப்பு. மனைவி கேட்டால் "கடலுப்பு" என்பார். உப்பும் உண்டுதான். உண்மையான அழுக்கு காக்கை எச்சம். கனகேஸ்வரி தினமும் மத்தியானம் உலையிறக்கியதும், கொல்லை மதிலில் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைப்பார். போரினால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அவருடைய தாய் வழியிலேயே இறந்துபோனார். பாதை பூட்டியிருந்தது, மகளால் முகம் பார்க்கவும் போக முடியவில்லை. இந்த ஒரு பிடி சோறுதான் தாய்க்கு அவர் செய்யும் கடமை. உண்ட காகங்கள் மதிலிலிருந்து தாவி, வழுவழுப்பான கண்ணாடி ஓட்டில் ஆறஅமர இருந்து, இருந்த இடத்தை அசிங்கப்படுத்திவிட்டுப் போகும். இதை மனைவியிடம் எந்த வாயால் சொல்வது?

பக்கத்து மாடியில் இருக்கும் ஹப்ஸாவுக்கு மட்டும் இந்த இரகசியம் தெரியும். அவளுடைய அடுப்படி ஜன்னல் இந்தக் கூரையைப் பார்த்தபடி இருக்கிறது. "அங்கிள், காகமெல்லாம் ஒங்கட கண்ணாடியிலதானே குந்திக்கொண்டு ஈக்கி" என்று அவள் சிரித்தபோது, சண்முகலிங்கம் வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

இப்படித் துடைக்க ஏறியிருந்த ஒரு காலையில் சந்திக் காவலரணிலிருந்து ஒரு சார்ஜன்ட் வந்தார். காலி வீதியால் அமைச்சர்மாரின் வாகனங்கள் போகும் காலம். கூரைமேல் ஒரு தமிழர், கையில் வயர். "வஹலட நகின்ன எபா" என்றார். கூரையில் ஏறவே கூடாது. சண்முகலிங்கம் தமக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் சொல்லிப் பார்த்தார். ஏணியை மதிலோடு சேர்த்துக் கட்டிவைத்துவிட்டுப் போனார் சார்ஜன்ட்.

எட்டே நாளில் பற்றரி இளைத்தது. வியாழக்கிழமை மாலை மின்வெட்டில் கனகேஸ்வரிக்கு இழுப்பு வந்தது. மெஷின் பாதி மருந்தில் முனகி நின்றது. மின்சாரம் திரும்பி வரும்வரை, நாற்பது நிமிடம், சண்முகலிங்கம் மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அவருடைய கண்ணெல்லாம் அந்த உதடுகளில் இருந்தது.

"தண்ணிய நான் ஜன்னலால ஊத்துறன் அங்கிள்" என்றாள் ஹப்ஸா மறுநாள். "காயாத எச்சம் கழுவுப்படும். ஆனா மத்தியானம் திருப்பியும் வந்து இருந்தா நான் என்ன செய்ய? ஆன்ட்டிகிட்ட செல்லிப்போடுங்க."

சொல்லிவிடுவது என்றுதான் ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் போய் நின்றார். கனகேஸ்வரி வாழையிலைத் துண்டில் சோறும் பருப்புமாக வந்தார். மூச்சு இன்னும் முழுதாகச் சீராகவில்லை. மதிலில் ஒரு காகம் ஏற்கெனவே காத்திருந்தது.

"பாத்தியளே, அம்மா வந்திட்டா" என்றார் கனகேஸ்வரி, முகமெல்லாம் சிரிப்பாக.

சண்முகலிங்கம் வாயைத் திறந்தார். பிறகு இலைக்காகக் கையை நீட்டினார்.

"இஞ்சை தாரும். இண்டைக்கு நான் வைக்கிறன்."

"நீங்களோ? காகத்துக்கு வைக்கிறது வீண்வேலை எண்டு சொன்ன ஆளெல்லே?"

"கடற்கரையில கொண்டுபோய் வைப்பம் எண்டு... காத்தோட்டமான இடம். அம்மாவுக்கும் நல்லம்."

கனகேஸ்வரி அவரைப் பார்த்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஹப்ஸா ஊற்றிய தண்ணீர் ஓடுகளில் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போய் இன்னொரு பிடி சோறு கொண்டுவந்து இலையில் வைத்து, அவர் கையில் கொடுத்தார்.

"இனி நீங்கள்தான் தினமும் வைக்கவேணும். வேலை நாளில விடியவே சமைச்சுத் தாறன். நல்லாச் சத்தமாக் கூப்பிடுங்கோ. அம்மாவுக்குக் காது கேக்கிறது குறைவு."

கடற்கரைக்குப் போகும் வழியில், காவலரணில் துப்பாக்கியோடு நின்றவன் இலையை எட்டிப் பார்த்தான். "கபுட்டன்ட பத்" என்றார் சண்முகலிங்கம். காகத்துக்குச் சோறு. அவன் சிரித்து வழிவிட்டான். தண்டவாளத்தைக் கடந்து, கருங்கல் ஒன்றில் இலையை வைத்து, சுற்றுமுற்றும் பார்த்து, கூச்சத்தோடு மெல்ல "கா... கா" என்றார். ஒன்றும் வரவில்லை. பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் ஒன்று, வாசலெல்லாம் ஆட்கள் தொங்க, தடதடவென்று வந்தது. சண்முகலிங்கம் இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, அந்த இரைச்சலையும் மீறிக் கத்தினார்:

"கா! கா! மாமீ, இஞ்சாலை வாங்கோ! கா!"