எட்டு ஜிபியில் ஏழு

அவளை எல்லோரும் காது டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டர் இல்லை. காதில் மாட்டும் மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்து, யாருக்கு எந்த ஓசை எவ்வளவு கேட்க வேண்டுமோ அப்படிச் சரிசெய்து கொடுப்பவள். இருபது வருடமாக இதே தொழில், நல்ல கைராசி. சந்தேகமும் கூடப் பிறந்தது. பால் வெள்ளையாக இருந்தால்கூட, யார் வெளுத்தது என்று கேட்பாள்.

பழைய காது மெஷின்களைச் சரிசெய்யும் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். அதனால் புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு விர்ச்சுவல் மெஷினை மெக்கானிக் போட்டுக் கொடுத்திருந்தார். திரையில் ஒரு கட்டத்துக்குள் பழைய விண்டோஸ் ஓடும். அவள் எழுந்ததும் தம்பி மனைவி அதே நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நேரம் குறிக்க, அந்தக் கட்டத்துக்கு வெளியே இருக்கும் பட்டியலைத் திறப்பாள். அந்த நொடியில் எல்லாம் உறைந்துவிடும்.

"நான் உட்கார்ந்தா ஓடுது, நீ உட்கார்ந்தா நிக்குது. என்னதான் பண்றே?"

"லிஸ்ட்டைத் திறக்கிறேன்க்கா. வேற என்ன பண்ணப் போறேன்?"

அந்த 'வேற என்ன' அவளை உறுத்தியது. போன மாதம் எதிர்க் கடை காலியானபோது வாடகை எவ்வளவு என்று விசாரித்தவள் இவள்தானே? தனியாகக் கடை போட, வாடிக்கையாளர் விவரங்களை நகல் எடுக்கிறாள். டாக்டரம்மா யாரிடமும் சொல்லாமல் பாஸ்வேர்டை மாற்றினாள்.

"பாஸ்வேர்ட் எடுக்க மாட்டேங்குதுக்கா."

"சரியா அடிச்சுப் பாரு."

நான்கு நாள் தம்பி மனைவி துண்டுச் சீட்டில் நேரம் எழுதினாள். ஐந்தாம் நாள் டாக்டரம்மா தானே பட்டியலைத் திறந்தாள். அப்போதும் உறைந்தது. புதுப் பாஸ்வேர்டையும் கண்டுபிடித்துவிட்டாளோ என்றுதான் முதலில் தோன்றியது. மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

அவர் வந்து ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"இதுல மொத்தமே எட்டு ஜிபி மெமரி. உள்ளே ஓடுறதுக்கு ஏழு குடுத்து வச்சிருக்கு. மிச்சம் ஒண்ணுல வெளியில இருக்கிறது எப்படிங்க மூச்சு விடும்? நான் ரெண்டுதானே வச்சேன், யார் மாத்தினது?"

"வேற யாரு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். பழைய விண்டோஸ் மெதுவாக ஓடுகிறதே என்று, அந்தப் பக்கத்தில் மெமரி அளவைக் காட்டும் கோட்டை நாலுக்கு இழுத்தது அவள்தான். பிறகு ஆறு. பிறகு ஏழு. நிறையக் கொடுத்தால் வேகமாக ஓடும் என்று நினைத்திருந்தாள்.

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்மா. அந்தப் பழைய விண்டோஸுக்கு நாலுக்கு மேல குடுத்தாலும் எடுத்துக்கத் தெரியாது. ரெண்டே தாராளம்."

"அப்போ... யாரும் காப்பி எதுவும் எடுக்கலையா?"

"காப்பியா? யாரு?"

தம்பி மனைவி வாசலில் துண்டுச் சீட்டுகளோடு நின்றிருந்தாள். "பாஸ்வேர்டை மாத்தினது நீங்கதானாக்கா? நான்தான் மறந்துட்டேன்னு நாலு நாளா என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்."

டாக்டரம்மா புதுப் பாஸ்வேர்டை எழுதி நீட்டினாள். அவள் வாங்கிக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் அன்றிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் தம்பி மனைவி தனியாக அதன் முன் உட்காருவதே இல்லை. ஒவ்வொரு முறையும் உள் அறைக்கு வந்து, குரல் உயர்த்தாமல் கூப்பிடுவாள்:

"அக்கா, லிஸ்ட்டைத் திறக்கணும். வந்து பக்கத்துல நில்லுங்க."