தாலிக்கு நடந்த பஞ்சாயத்து

எண்பதுகளில் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் நான் அட்டெண்டன்ட். தமிழ் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பதும் என் தலையில்தான். அப்போது சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்காக ஒரு மிஷின் வந்திறங்கியது. இடுப்புக்குப் பின்னால் பட்டை ஒட்டி நரம்புக்கு மெல்லிய கரண்ட் கொடுக்கும். எங்கள் பிரிவுத் தலைவர் அதற்குச் சூடம் காட்டாததுதான் குறை.

அதை முதலில் போடும் நாளில் பெரிய அதிகாரிகளும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நோயாளி, ஆங் மோ கியோ பேட்டையிலிருந்து வந்த செல்லம்மா. கோயிலில் தீபாராதனை வரை நிற்க முடியாமல் பாதியில் ஓடி வருவதாக என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார். அம்மன்தான் இந்த மிஷினை அனுப்பினாள் என்று நானும் நம்பினேன்.

இருதயக் கோளாறு உண்டா என்று தெரபிஸ்ட் மிஸ் டான் கேட்கச் சொன்னார். இல்லை என்றார் செல்லம்மா. அடுத்து, உடம்பில் உள்ள உலோகமெல்லாம் கழற்ற வேண்டும். வளையல், தோடு, மூக்குத்தி வந்தன. தாலி வரவில்லை. இடுப்பில் வைக்கும் கரண்டுக்குக் கழுத்துத் தாலி என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ரூல் ரூல்தான் என்றார் தலைவர். நான் கோயில் குருக்களுக்கு போன் போட்டேன். மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டால் தோஷமில்லை என்றார். செல்லம்மாவின் கணவர் டாக்சி பிடித்து, கயிறு வாங்கத் தேக்கா கடைத்தெருவுக்கு ஓடினார். அதிகாரிகள் இரண்டாவது தேநீர் குடித்தார்கள்.

திரைக்குப் பின்னால் அவர் கயிறு கட்டும்போது சேலை விலகியது. நெஞ்சின் மேல்பக்கம், காறையெலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு.

"என்னம்மா இது?"

"இருதயத்துக்கு வச்ச பேட்டரி, தங்கச்சி. அது வச்சதுலேருந்து ஒரு கோளாறும் இல்ல. அதான் இல்லைன்னேன்."

"நகையத்தானே கழட்டச் சொன்னீங்க," என்றார் திரைக்கு வெளியே நின்ற கணவர்.

நான் சொன்னதும் மிஸ் டான் முகம் வெளுத்தது. கரண்டைக் குறைத்து வைத்துப் பார்க்கலாமே என்று தலைவர் முணுமுணுத்தார். மிஸ் டான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இருதய டாக்டரைக் கூப்பிட்டார். இந்தக் கரண்டை இருதயத் துடிப்பென்று பேட்டரி எண்ணிக்கொண்டால், தான் கொடுக்க வேண்டிய துடிப்பை நிறுத்திவிடலாம் என்றார் அந்த டாக்டர். சோதித்துப் பார்க்காமல் தொடவே கூடாதாம். வந்த அதிகாரிகளுக்கு மிஷினைக் காட்டியாக வேண்டுமே என்று தலைவரே பட்டை ஒட்டிக்கொண்டு குப்புறப் படுத்தார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார் செல்லம்மா.

மிஸ் டான் சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சில மாதம் கழித்து, கோயிலில் தீபாராதனை முடிந்து கற்பூரச் சுடரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வரிசையில் செல்லம்மாவைப் பார்த்தேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, நோய் உண்டா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். உள்ளே ஏதாவது வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கழற்ற முடிந்த நகைக்கு நாங்கள் பஞ்சாயத்து நடத்தினோம். கழற்ற முடியாததை யாரும் கேட்கவில்லை.