ஒற்றைக் கட்டும் பதினொரு பிழையும்

‘9.2.2010, செவ்வாய். அண்ணைக்கு எட்டு, எனக்கு ஆறு. பந்தயத்தை இரட்டித்தார். பிழை.’

இன்டர்லாக்கனில் ஒரு விடுதியின் சமையலறையில் அண்ணையும் நானும் கோப்பை கழுவினோம். உறவில்லை, ஒரே அறை. மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே வரும் ஓய்வை அங்கே ‘சிம்மர்ஸ்டுண்ட’ என்பார்கள். போக இடமில்லாததால் மெத்தையில் உட்கார்ந்து பிளாக்ஜாக் ஆடுவோம்; சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல் அதை நெருங்க வேண்டும், தாண்டினால் தோல்வி. ஒரே ஒரு சீட்டுக்கட்டு. பந்தயம் காய்ந்த மக்கரோனி. சீட்டுப் போடுவது நான். எந்தக் கைக்கு எப்போது பந்தயத்தை இரட்டித்து இன்னும் ஒரே ஒரு சீட்டு வாங்கலாம் என்ற அட்டவணையை நூலகத்து ஜெர்மன் புத்தகமொன்றிலிருந்து படியெடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். அதன்படி எட்டை ஒருபோதும் இரட்டிக்கக் கூடாது. ஆனால் தன் கையில் எட்டு இருக்க, என் முன்னால் திறந்த சீட்டாக ஆறு விழுந்தால் அண்ணை இரட்டிப்பார்.

“ஐஞ்சும் மூண்டும் என்ர கையில. ஆறு உம்மட்டை. சின்னனெல்லாம் வெளியில வந்திட்டுது. மிச்சம் பெரிசுதானே ஐசே? பெரிசு எனக்கு வந்தா நல்லம், உமக்கு வந்தா இருபத்தொண்டைத் தாண்டிப்போம்.”

“அப்ப புத்தகம் எழுதினவன் விசரனோ அண்ணை?”

“அவன் எங்கட அறையில இருந்தோ எழுதினவன்?”

ஆட்டங்களை எழுதிவைத்த என் குறிப்பேட்டில் பதினொரு முறை ‘பிழை’ என்று குறித்தேன். மார்ச் மாதத்தில் ஒருநாள், அவற்றைத் தேதிவாரியாக அவருக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணை சீட்டுகளை அடுக்கி உறைக்குள் வைத்தார்.

“விடிஞ்சாப் பொழுதுபட்டா செஃப் பிழை பிடிக்கிறான். இந்த ரண்டு மணித்தியாலமும் நீருமோ?”

அதன்பின் நாங்கள் ஆடவில்லை. ஏப்ரலில் அவருக்கு எம்மன்புரூக்கேயில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. முகவரியை எழுதி மேசையில் வைத்துவிட்டு, நான் வேலையில் இருந்தபோது போய்விட்டார். இரண்டு கைக்கும் நானே சீட்டுப் போட்டு, நானே ஆடிக்கொண்டிருந்தேன்.

2013 இலையுதிர்காலத்தில் அதே புத்தகத்தை மறுபடி இரவல் எடுத்தேன். நான் படியெடுத்த அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: ஆறு கட்டுகளுக்கு. ஒரு கட்டுக்கான அட்டவணை அடுத்த பக்கத்தில் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளில் மூன்று சின்னச் சீட்டுகள் போனால் மிச்சத்தில் வித்தியாசம் தெரியாது. ஐம்பத்திரண்டில் தெரியும். ஒரே கட்டென்றால், ஆறுக்கு எதிரே அவருடைய எட்டை இரட்டிக்கத்தான் வேண்டும்.

நவம்பர் 4, திங்கள். குறிப்பேட்டில் பதினொரு ‘பிழை’களையும் கோடிட்டு அடித்துவிட்டு, ‘நீங்கள் செய்ததுதான் சரி, அண்ணை’ என்று ஒரு கடிதம் எழுதி, அந்த முகவரிக்கு அனுப்பினேன். பதில் இல்லை. கடிதம் திரும்பியும் வரவில்லை.

அடுத்த ஆண்டு, எம்மன்புரூக்கேயிலிருந்து எங்கள் சமையலறைக்கு வேலைக்கு வந்த ஒருவரிடம் அண்ணையைப் பற்றி விசாரித்தேன்.

“அவரோ? லண்டனுக்குப் போட்டாரெண்டு கதைச்சவை. எப்பவெண்டு தெரியாது.”

என் கடிதம் போய்ச் சேர்ந்தபோது அண்ணை அங்கே இருந்தாரா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.