நுனிவரை மரம் போட்ட துப்பாக்கி

போன வெள்ளிக்கிழமை ஒரு துப்பாக்கியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். லண்டனில், பட்டப்பகலில், ஒரு வெள்ளைக்காரரின் முன்னால்!

பதற வேண்டாம்... ஏலக் கடையில் நடந்த கதை. ஏலத்துக்கு முன்பு பொருட்களைப் பார்வைக்கு வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம், கேட்டால் கையிலும் கொடுப்பார்கள். அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. துப்பாக்கியின் பின்பக்கம் தாழ்ப்பாள் மாதிரி ஒரு போல்ட் இருக்குமல்லவா? சிப்பந்தி அதைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டிவிட்டுத்தான் நீட்டுவார். வாங்குகிறவனும் தன் பங்குக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்காமல் போல்ட்டை இழுக்கக் கூடாது. யாரை நோக்கியும் நீட்டவே கூடாது.

இதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் அன்று கை வழுக்கி, துப்பாக்கியின் அடிக்கட்டை என் ஷூவில் இடித்துவிட்டது. காலில் பட்டால் நாம் என்ன செய்வோம்? கை தானாகப் போய்விட்டது. குறிபார்க்கும் முள்ளில் ஏதாவது கோளாறா என்று சிப்பந்தி கவலையோடு கேட்டார். பிரமாதமாக இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல?

வாராவாரம் என்னைப் படிக்கிறவர்களுக்கு நான் மலேசியாவிலிருந்து வந்த ஒரு சாதுவான ஈப்போக்காரன் என்று தெரியும். படிக்க வந்தேன், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது, கிழக்கு லண்டனில் பிளேஸ்டோவில் தங்கிவிட்டேன். கொசுவை அடிக்கவே யோசிக்கிறவன். எனக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?

மழைதான் சம்பந்தம். பல வருடங்களுக்கு முன் மதிய இடைவேளையில் குடையில்லாமல் மாட்டிக்கொண்டு, திறந்திருந்த ஒரு ஏலக் கடை வாசலில் ஒதுங்கினேன். உள்ளே மேஜைமேல் அது படுத்திருந்தது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆஸ்திரிய வேட்டைத் துப்பாக்கி. சாதாரணத் துப்பாக்கிகளில் மரம் பாதிக் குழாயோடு நின்றுவிடும். அரைக்கால் சட்டை போட்ட மாதிரி. இதில் வால்நட் மரம் குழாயின் நுனிவரைக்கும் ஓடி, ஒரு சின்ன எஃகுத் தொப்பியில் முடிகிறது. எட்டு முழ வேட்டி கட்டிய பெரிய மனுஷன்! மலையேறும் வேட்டைக்காரன் தோளில் மாட்டிக்கொள்ளத் தோதாகக் குள்ளமாக, இலேசாக இருக்கும். போல்ட்டின் கைப்பிடி வெண்ணெய்க் கத்தி போலத் தட்டையாக மரத்தோடு ஒட்டிக் கிடக்கும்.

அந்தப் போல்ட்டை இழுத்துப் பார்க்கச் சொன்னார்கள். இழுத்தேன்... சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு மனிதர் எனக்காகவே தேய்த்து வைத்த மாதிரி. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

வாங்க வேண்டியதுதானே என்கிறீர்களா? லைசென்ஸுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். மான் வேட்டை என்றால் காரணம். 'அழகாக இருக்கிறது' என்பது காரணமே இல்லையாம். போலீஸ் ஸ்டேஷனில் மிகவும் பணிவாகச் சொல்லி அனுப்பினார்கள். கறி வேண்டுமென்றால் பக்கத்து அப்டன் பார்க் கடைத்தெருவில் ஆடு கிடைக்கிறது. நான் எதற்கு மானைத் தேடி ஸ்காட்லாந்து போக?

ஒரு வழி உண்டு. குழாயை அடைத்து, உள்ளே வெல்டிங் வைத்து, இனி சுடவே முடியாது என்று செய்துவிட்டால் லைசென்ஸ் வேண்டாம். சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

ஆனால் சுவர் என்னுடையது மட்டுமில்லையே. மனைவி சாந்தினி யாழ்ப்பாணத்துக்காரி. சுட்டாலும் சுடாவிட்டாலும் துவக்கு (அவள் ஊரில் துப்பாக்கிக்கு அதுதான் பெயர்) இந்த வீட்டுப் படி ஏறாது என்று முதல் தடவையே சொல்லிவிட்டாள். எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர்த் துப்பாக்கிகூட வாங்கித் தந்ததில்லை. அந்த ஊரில், அந்தப் போர்க் காலத்தில் வளர்ந்தவளிடம் ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு பார்வை நாளுக்கும் தனியாகப் போய், தடவிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்புவேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காதல் தோல்விதான்.

போன மாதம் எனக்கு ஐம்பது வயது. என்ன வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. தேநீரை வைத்துவிட்டு, “செத்த துவக்கெண்டா வாங்குங்கோவன். எத்தினை வருசமாத்தான் ஆசைப்படுவியள்?” என்றாள்.

அப்படித்தான் வெள்ளிக்கிழமை இருவரும் போனோம். அவள் வெஸ்ட் ஈலிங் கோயிலில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு நேரே அங்கே வந்தாள். அத்தனை ட்வீட் கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு பட்டுச் சேலை. மேஜையில் இரண்டு துப்பாக்கிகள், அக்காள் தங்கை போல. முதலாவது உயிருள்ளது, சுடும். நான் ஷூவில் இடித்தது அதைத்தான். இரண்டாவது செத்தது, எங்களுக்கு வாய்த்தது.

கையில் எடுத்தேன். அதே மரம், அதே எஃகுத் தொப்பி. போல்ட்டைத் தொட்டேன். அசையவில்லை. விசையை அழுத்தினால் லொடலொடவென்று ஆடியது. இத்தனை வருடம் நான் ஆசைப்பட்டது மரத்துக்கு அல்ல, அந்த வழுக்கலுக்கு என்று அப்போதுதான் தெரிந்தது.

சாந்தினி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. உயிருள்ளதைத் தரச் சொல்லிச் சிப்பந்தியிடம் கையை நீட்டினாள். அவர் திறந்து காட்டிக் கொடுத்தார். அனுமதி கேட்டுக்கொண்டு, போல்ட்டை மெதுவாகப் பின்னே இழுத்தாள். முன்னே தள்ளினாள். மறுபடியும் இழுத்தாள். போதும் என்று நான் சொல்லும்வரை விடவில்லை.

செத்ததை வாங்க எனக்கு மனம் வரவில்லை. வெளியே வந்தோம். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் இடம் கிடைத்தது. கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

அவள் தம்பிக்கு மாமா கொழும்பிலிருந்து ஒரு விளையாட்டுத் துப்பாக்கி கொண்டுவந்தாராம், கேப் வெடி வைத்துச் சுடுவது. ஆமி, இலங்கை ராணுவம், வீடு வீடாகத் தேடிக்கொண்டு வருகிறது என்று கேள்விப்பட்ட அன்று, தூரத்தில் பார்த்தால் நிஜம் போலத் தெரியும் என்று பயந்து, அவளுடைய அம்மா அதைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டாராம். தம்பி இப்போது டொராண்டோவில், தலையில் வழுக்கையோடு இருக்கிறான். அவனுக்கு அது மறந்தே போயிருக்கும்.

“தம்பி அழேக்கை எல்லாரும் அவனைத்தான் தேத்தினவை,” என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி. “அதிலை அவனைவிட எனக்குத்தான் கூட விருப்பம். அவன் பள்ளிக்கூடம் போனாப் பிறகு, ஒருத்தருக்கும் தெரியாமல் நான்தான் எடுத்துச் சுட்டு விளையாடுறனான்.” பிளேஸ்டோவில் இறங்கும்போது கேட்டாள். “கிணத்தை இறைச்சா இண்டைக்கும் கிடக்குமோ?”

இத்தனை வருடமாக இந்த வீட்டில் துப்பாக்கிக்கு ஏங்குகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.