பிள்ளையாருக்குப் போன மாலைகள்

போன வாரம் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் ஒரு பூக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆபீசில் ஒருவருக்கு ரிடையர்மென்ட். மாலை வாங்கும் பொறுப்பை வழக்கம்போல என் தலையில் கட்டிவிட்டார்கள். கடைக்காரர் ரோஜா மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டு, "எவ்ளோ ஒசரம் சார் வேணும்?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. என் கை தானாக மேலே போய், என் தலைக்கும் மேல் நாலு விரல் உயரத்தில் நின்றது.

"இன்னா சார், மினிஸ்டருக்கா?"

ரிடையர் ஆகிறவர் என் தோளுக்குத்தான் வருவார். அசடு வழியக் கையை இறக்கிக்கொண்டேன். ஈர ரோஜாவும் மரிக்கொழுந்தும் சேர்ந்து அடித்த வாசனை செய்த வேலை அது. உங்களுக்கு அது கல்யாண வாசனை. எனக்கு அது ஃபுட்பால் வாசனை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வாரமெல்லாம் ஸ்டோர்ஸில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோல்கீப்பர். கோல்கீப்பர் ஆனதற்குத் திறமை காரணமில்லை. ஆள் நெட்டை, ஓடச் சோம்பல். இரண்டையும் வைத்துக்கொண்டு வேறு எங்கே நிற்பது? எங்கள் டீமுக்கு ஓனர் படப்பையில் கல்யாண மண்டபம் நடத்தியவர். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மண்டபம் அண்ணன், அவ்வளவுதான். நல்ல மனுஷன். ஃபுட்பால் மேல் கொள்ளை ஆசை. ஃபுட்பால் தெரியுமா என்று மட்டும் கேட்கக்கூடாது.

அந்த அண்ணன் ஒரு நாள் பிராக்டிஸ் முடிந்ததும் வந்து, "பிரேசில்லேர்ந்து ஒரு ஆள எறக்குறேன்" என்றார். எங்கள் கேப்டன் சார்லஸ் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

பிரேசில் என்றால் கோல் என்பது அண்ணனின் கணக்கு. ஆள் வருவதற்கு முன்பே தாம்பரம் மேம்பாலத்தில் ஆரம்பித்து சேலையூர் வரை ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். 'கோல் மழை பொழிய வருகை தரும் சிங்கமே' என்று எழுதி, பின்னால் ஒரு புலி. ஓரத்தில் அண்ணன் கும்பிட்டபடி. வந்து இறங்கியவர் ஜெரால்டோ. என்னைவிடவும் நாலு விரல் உயரம். வயது முப்பத்தாறு. ஒரு முழங்காலில் நீளமாகத் தையல் தழும்பு. பார்த்தது மிட்ஃபீல்டர் வேலை. அதிலும் டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று, வருகிற பந்தைப் பிடுங்கி, பக்கத்தில் இருப்பவனிடம் சமர்த்தாகக் கொடுத்துவிட்டு, பழையபடி தன் இடத்துக்கே வந்து நிற்கிறவர். ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் காரிலேயே தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

எங்கள் வீட்டு மாடி போர்ஷன்தான் அவருக்கு ஏற்பாடானது. வீட்டில் அவர் போட்டுக்கொள்வதெல்லாம் பழைய ஜெர்சிகள். துவைத்து மொட்டை மாடிக் கொடியில் காயப்போடுவார். என் அம்மா ஸ்கூலில் ஜியாகரபி டீச்சர். ஒரு நாள் வடாம் எடுக்கப் போனவர், "இந்தப் பச்சை எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், அன்றைக்கு வடாம் மாடியிலேயே கிடந்தது. பச்சை, அவர் பிறந்த ஆற்றங்கரை ஊரின் டீம். பதினேழு வயதில் அங்கே ஆரம்பித்தார். சிவப்பு, பெரிய நகரத்துப் பெரிய கிளப். "டீச்சர், இந்த டிரஸ் போட்டு நான் உட்கார்ந்தேன். நிறைய உட்கார்ந்தேன்" என்றார், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். மஞ்சள், போர்ச்சுகலில் இரண்டாம் டிவிஷன். வெள்ளை, வளைகுடாவில் ஏதோ ஒரு நாடு. நீலம், தாய்லாந்து. முழங்கால் போனது அங்கே. அப்புறம் கோவா, அப்புறம் ராஜகீழ்ப்பாக்கம். அம்மாவின் அட்லஸில் எந்தக் கப்பலும் போகாத வழி அது.

ஒவ்வொரு ஜெர்சியிலும் ஒரு நம்பர். எதிலும் பத்து கிடையாது. பத்தாம் நம்பரை வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குக் கொடுத்தது எங்கள் அண்ணன்தான். அதைப் போட்டுக்கொள்ளும்போதெல்லாம், யாரோ ஒருவருடைய செருப்பைத் தவறிப் போட்டுக்கொண்டு வந்தவர்போல ஜெரால்டோ முழிப்பார்.

அப்பா ஒரு நாள் காபி கொடுத்துவிட்டு, "மொத்தம் எத்தனை கோல் போட்டிருப்பீங்க?" என்று கேட்டார். ஜெரால்டோ ஒரு கையை விரித்துக் காட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு விரலை மடக்கிக்கொண்டார்.

இப்போது மாலைக்கு வருகிறேன். மண்டபம் வைத்திருப்பவருக்கு மாலைக்கும் மேளத்துக்கும் பஞ்சமா? எங்கள் ஏரிக்கரை மைதானத்தில் ஆட்டம் என்றால், ஜெரால்டோ போடப்போகும் கோலுக்காக ஆளுயர ரோஜா மாலை ஒன்று வாழை இலையில் சுற்றி வந்துவிடும். கூடவே மண்டபத்து நாதஸ்வர செட். அவர்களுக்கு ஆட்டம் புரியாது. கல்யாணத்தில் அய்யர் விரலைப் பார்ப்பதுபோல அண்ணன் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விரல் உயர்ந்தால் கெட்டிமேளம். எங்கள் ஆட்கள் கோல் போடுவார்கள், விரல் உயராது. அது ஜெரால்டோவுக்கென்றே வைத்திருந்த விரல்.

ஆட்டம் முடியும். மாலை வாடத் தொடங்கியிருக்கும். ஒருவருக்கென்று வாங்கியதை மாப்பிள்ளை கழுத்தில் போட முடியுமா? அதனால் மைதானத்து மூலையில் இருந்த பிள்ளையாருக்குப் போய்விடும். அந்த சீசன் முழுக்க அந்தச் சின்னப் பிள்ளையார் மாலைக்குள் காணாமலே போயிருந்தார். "மச்சான், இவரு கோல் போடாம பாத்துக்கறதே அந்தப் புள்ளையாருதான்டா" என்பான் சார்லஸ்.

கூட்டம் பொறுமை இழந்தது. "இன்னாபா இவன், பிரேசில்னு சொல்லிக்கினு பின்னாடியே தட்டிக்கினு கீறான்?" என்று கோட்டோரத்திலிருந்து கத்துவார்கள். எனக்கு மட்டும் வேறு கதை தெரியும். கோல்கீப்பர் பார்ப்பது முதுகுகளைத்தான். அந்த சீசனில் நான் பார்த்தது அந்த ஒரு முதுகை. பந்து என்னிடம் வருவதே இல்லை. தப்பித் தவறி யாராவது உள்ளே நுழைந்து எனக்குக் கை உதறினால், அந்த முதுகு திரும்பாமலேயே குரல் கொடுக்கும்: "நான் கீறேன்! நான் கீறேன்!" பையன்கள் சொல்லிக் கொடுத்த தமிழ். அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு சீராகிவிடும். அந்த வருஷம் வட்டாரத்திலேயே நல்ல கோல்கீப்பர் என்று எனக்குப் பெயர். நானும் அதை நம்பிவிட்டேன் என்பதுதான் வேடிக்கை.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் அண்ணன் சொல்லிவிட்டார்: "ஒரு கோலாச்சும் போடட்டும்பா. இல்லாட்டி டிக்கெட் போட்டு அனுப்பிடலாம். ஊரே சிரிக்குது." சார்லஸ்தான் மாடிக்கு வந்து ஜெரால்டோவிடம் சொன்னான். அவர் போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். லாரா, அவர் மகள். ஒன்பது வயது. அவள் நினைவு தெரிந்து அப்பா ஆடி ஒருமுறை கூட நேரில் பார்த்ததில்லை. ஆட்டம் எப்போதும் வேறு கண்டத்தில். அடுத்த ஸ்கூல் லீவுக்கு அவளையும் அவள் அம்மாவையும் இங்கே அழைத்து வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். இந்த முழங்காலோடு இனி வேறு எந்த கிளப்பும் கூப்பிடாது. "இன்னும் ஒரு சீசன் போதும், அண்ணா" என்றார் சார்லஸிடம். அவரைவிடப் பத்து வயது சின்னவன் அவன். யாரும் சிரிக்கவில்லை.

கடைசி ஆட்டம் பள்ளிக்கரணை டீமோடு. முதல் பாதியில் நாங்கள் எப்போதும் ஏரிப்பக்கக் கோலை நோக்கித்தான் ஆடுவோம். அண்ணனின் நாற்காலி அங்கேதான் இருக்கும். இடைவேளையில் சைடு மாறியதும் இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் போடுவார்கள். அன்றைக்கு மண்டபத்தில் ஒரு ரிசப்ஷன். அண்ணன் மேள செட்டோடும் மாலையோடும் வந்து சேர்ந்தபோது இரண்டாம் பாதி பாதி ஓடியிருந்தது. நாங்கள் மூன்று கோல் முன்னால் இருந்தோம், ஜெரால்டோ மட்டும் போட்டபாடில்லை. எல்லோரும் பந்தை அவருக்கே தள்ளினார்கள். அவர் பழக்கதோஷத்தில் அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார். அண்ணன் அவசர அவசரமாக வழக்கமான இடத்தில், அதாவது இப்போது நான் காவல் நின்ற கோலுக்குப் பின்னால், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சொல்ல யாருக்கும் நேரமில்லை. பள்ளிக்கரணைக்கு ஒரு கார்னர் கிடைத்திருந்தது.

பந்து வந்தது. நான் எம்பினேன். அது என் கையுறைக்கும் வானத்துக்கும் நடுவே போய், பின்னால் நின்ற ஜெரால்டோவின் நெற்றியில் பட்டு, எங்கள் வலைக்குள்ளேயே விழுந்தது. சேம்சைடு கோல்.

உடனே பின்னாலிருந்து அண்ணனின் குரல்: "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

தவில் வெடித்தது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. ரெஃப்ரி விசில் ஊதினார், அதுவும் மேளத்தோடு சேர்ந்துகொண்டது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டியபடி உள்ளே ஓடிவந்து, கண்ணில் நீரோடு, அந்த மாலையை ஜெரால்டோவின் கழுத்தில் போட்டுவிட்டார். பள்ளிக்கரணைக்காரர்கள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜெரால்டோ "நோ, அண்ணா, நோ" என்று கையை ஆட்டி ஏதோ விளக்கப் பார்த்தார். மேளத்தில் யாருக்குக் கேட்கும்? கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். மாலை முழங்கால் தழும்பு வரை தொங்கியது. சார்லஸ் எங்கள் பக்கம் திரும்பி, "எவனாச்சும் வாயத் தொறந்தீங்க, கொன்னுருவேன்" என்றான்.

ஆனால் மைக்கில் ஸ்கோர் சொல்லித்தானே ஆகவேண்டும்? மூன்றுக்கு ஒன்று என்றதும் அண்ணன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது. நாங்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் ஜெரால்டோவை மேலும் கீழும் பார்த்தார், மாலையைப் பார்த்தார், பிறகு ஒரு பெருமூச்சு விட்டார்.

"கெட்டிமேளம் கொட்டி மால போட்டாச்சு. அதுக்கப்புறம் எந்த மண்டபத்துலயாச்சும் கல்யாணத்த நிறுத்திப் பாத்துகீறியா? இருக்கட்டும்பா, அடுத்த வருசமும் இருக்கட்டும்."

அன்றைக்குப் பிள்ளையாருக்கு மாலை இல்லை. ஜெரால்டோ அதைக் கழற்றாமலே என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தார். மாடிக் கொடியில், ஜெர்சிகளுக்குப் பக்கத்தில், அது சருகாகும்வரை தொங்கியது.

அடுத்த சீசனில் லாரா வந்தாள். என் அம்மா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், என் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து அப்பாவின் முதுகைப் பார்த்தாள். அவர் அன்றைக்கும் கோல் போடவில்லை. நடுவில் ஒருவன் பந்தோடு என்னை நோக்கி வர, வழக்கமான குரல் கேட்டது. இடைவேளையில் லாரா என்னிடம், அப்பா என்ன சொல்லிக் கத்துகிறார் என்று கேட்டாள். 'நான் இருக்கிறேன்' என்று அர்த்தம் என்றேன். "போனை வைக்கும்போது எங்க பாஷையில தினமும் எங்கிட்டயும் இதைத்தான் சொல்வார்" என்றாள், சின்னச் சின்ன இங்கிலீஷ் வார்த்தைகளில். அம்மா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அந்த சீசனோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. இப்போது அந்த ஆற்றங்கரை ஊரில்தான் இருக்கிறார். பொங்கலுக்கு எனக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்புவார். அவர் போன பிறகு என் குட்டு வெளிப்பட்டது. பந்தெல்லாம் நேராக என்னிடம் வர ஆரம்பித்தது. நானும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டேன். மூன்றாவது ஆட்டத்தில் சார்லஸ் கைகூப்பி என்னை உட்கார வைத்தான். கொஞ்ச வருஷத்தில் அண்ணன் டீமைக் கலைத்தார். மைதானத்தில் அபார்ட்மென்ட் எழுந்தது. பிள்ளையாரை மட்டும் காம்பவுண்டுக்குள் விட்டுவைத்திருக்கிறார்கள்.

பூக்கடையில் அன்றைக்கு இரண்டு மாலை வாங்கினேன். ஒன்று ரிடையர் ஆகிறவருக்கு, தோள் உயரத்தில். இன்னொன்று என் கை காட்டிய உயரத்தில். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் உள்ளே விட்டார். மாலை நீளம் அதிகம்; பிள்ளையாருக்கு இரண்டு சுற்று சுற்ற வேண்டியிருந்தது. பிறகு கார் பார்க்கிங்கில், என் கோல் போஸ்ட் இருந்த இடமாகத் தோன்றியதில் போய் நின்றேன். முன்னால் வரிசையாகக் கார்கள். அந்தக் குரல் கேட்டுவிடும்போல இருந்தது, கேட்கவில்லை. வாட்ச்மேன் பின்னாலேயே வந்து, "யார சார் தேடுறீங்க?" என்றார்.

"இவ்ளோ ஒசரமா ஒருத்தர்" என்றேன், கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி. "எனக்கு முன்னாடி இங்கதான் நின்னுக்கினு இருந்தாரு."