திருப்பிக் கேட்டால் ரெண்டு புள்ளி குறை

ஜப்பான் மொழி படிப்பிக்கிறது பெரிய வேலையில்லை, படிப்பிச்சதுக்குப் பேப்பர் போடேக்கதான் ரீச்சற்ற வண்டவாளம் வெளியில வரும். பேப்பர் போட்டு, அதைத் திருத்தி, பிறகு தலையைக் குனிஞ்சுகொண்டு வகுப்புக்குள்ள போன சக பாவப்பட்ட சீவன்களே, இது உங்களுக்குத்தான். மற்றவை வாசிச்சாச் சிரிப்பினம்.

ரயிலும் பாண்காரனும்

ஏ.எல். எண்ட உயர்தர வகுப்புப் பிள்ளையளுக்குக் கேட்டல் பரீட்சை வைக்கோணும். ஜப்பான்காரரின்ர குரலுக்கு நான் எங்க போறது? வெள்ளவத்தை வீட்டில இருந்து ஃபோனில நானே பதிஞ்சன். ஸ்டேசன் அறிவிப்பும் நான், கடைக்காரனும் நான், அம்மாவும் நான். வீடு கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கம். இடையில ரயில் கூவிச்சுது, தெருத்தெருவாப் பாண் விக்கிற சூன் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போச்சுது. ஆர் திருப்பிப் பதியிறது எண்டு விட்டிட்டன். அடுத்த வருஷமும் அதையே போட்டன். வகுப்பு முழுக்கச் சரி! ஸ்டாஃப் ரூமில நான் அடிச்ச பெருமையை இப்ப நினைச்சாலும் உடம்பு கூசுது.

மூண்டாம் வருஷம் மனச்சாட்சி உறுத்தி, யன்னல் எல்லாம் பூட்டிப்போட்டுப் புதுசாப் பதிஞ்சன். பரீட்சை நடக்கேக்க ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "மிஸ், ரயில் எப்ப வரும்?" எண்டு கேட்டாள். ஸ்டேசன் கேள்வியைத்தான் கேக்கிறாள் எண்டு, "வடிவாக் கேளுங்கோ, வரும்" எண்டன். திருத்திப் பாத்தா முக்கால்வாசிப் பேர் பெயில். என்னடி பிள்ளையள் நடந்தது எண்டு விசாரிச்சா, அதே பிள்ளைதான் எழும்பினாள்.

"போன வருஷத்து அக்காமார் சொல்லித் தந்தவை மிஸ், ரயில் கூவினா விடை மூண்டு, பாண்காரன் வந்தா விடை ஒண்டு."

ஜெனிற்றாவின் அறை

ஜெனிற்றா கொட்டாஞ்சேனைப் பிள்ளை. தகப்பன் ஹாபரில கப்பலில இருந்து ஜப்பான் வாகனம் இறக்கிற வேலை. "நான் இறக்கிற கார் எங்க இருந்து வருதோ, நீ அங்க போகோணும்" எண்டு மகளை என்ர வகுப்பில விட்டவர். அந்த நேரம் ஒரு நிறுவனம் ஏ.எல். பிள்ளை ஒருத்தியைத் தெரிவுசெய்து, தங்கட செலவில ஒரு வருஷம் ஜப்பானுக்கு அனுப்புறதா அறிவிச்சிருந்தது. இண்டர்வியூவில பாஸ் பண்ணினாச் சரி. அந்த வீட்டுக்கு அதை விட்டா வேற வழியில்லை, எனக்கும் அவளை விட்டா அனுப்ப வேற ஆளில்லை.

வாய்மொழிப் பரீட்சைக்கு 'உங்கள் அறையை விவரியுங்கள்' எண்டு குடுத்தன். பிள்ளை மூச்சுவிடாமச் சொன்னாள். மேசை இருக்கு, புத்தகத் தட்டு இருக்கு, யன்னலைத் திறந்தா மரம் தெரியும். முழுப் புள்ளியும் போட்டுப்போட்டு, "குடுத்து வச்ச பிள்ளை, நல்ல அறை" எண்டும் சொன்னன். வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க வீடே ஒரு அறைதான் மிஸ், அஞ்சு பேர் இருக்கிறோம், நான் சொன்னது நீங்க தந்த மாதிரி விடையில இருந்த அறை."

தலையாட்டு

உங்களுக்கு மட்டும் சொல்லுறன். களனிப் பல்கலைக்கழகத்தில ஜப்பான் மொழி படிச்சுப் பட்டம் எடுத்தனான். வாசிப்பன், எழுதுவன், இலக்கணம் கேட்டா நித்திரையிலயும் சொல்லுவன். ஆனா ஜப்பானுக்கு ஒரு நாளும் போகேல்லை. ஜப்பான்காரர் ஆரும் வேகமாக் கதைச்சா பாதிதான் விளங்கும். மிச்சப் பாதிக்கு "ஹை, ஹை" எண்டு தலையாட்டுவன். ஹை எண்டா ஓம்.

யுமிகோ எண்டு ஒரு ஜப்பான் பிள்ளை, கொழும்பில தொண்டு வேலைக்கு வந்தவ, ஒருநாள் எங்கட பள்ளிக்கூடத்துக்கு வந்தா. அதிபர், உப அதிபர் எல்லாரும் சுத்திவர நிக்கினம். அவ என்னைப் பாத்து என்னவோ கேட்டா. நான் ஹை எண்டன். இன்னொருக்காக் கேட்டா. அதுக்கும் சிரிச்சுக்கொண்டு ஹை. அதிபர் என்னவாம் எண்டார். "பள்ளிக்கூடம் நல்ல வடிவா இருக்காம் சேர்" எண்டன். கொஞ்ச நேரத்தால உப அதிபர் என்னைத் தூணடிக்குக் கூப்பிட்டா. நல்ல மனுசி, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னா.

"ரீச்சர், அந்தப் பிள்ளை கேட்டது டொய்லட் எங்க எண்டு, இப்பதான் என்னட்டச் சிங்களத்தில கேட்டுட்டுப் போகுது."

இண்டர்வியூ

அந்த யுமிகோவே பிறகு என்னட்ட வந்து, "ஜெனிற்றாவோட நான் ஒருநாள் இருந்து கதைச்சுப் பழக்கட்டா?" எண்டு ஆறுதலா, நிறுத்தி நிறுத்திக் கேட்டா. இது எனக்கு நல்லா விளங்கிச்சுது. ஆனா அவ வந்தா நானும் பக்கத்தில இருக்கோணுமே, பிள்ளையளுக்கு முன்னால எனக்கு விளங்காமப் போனா? பிள்ளைக்குப் பாடம் கனக்க, நேரமில்லை எண்டு பொய் சொல்லி அனுப்பிப்போட்டன்.

நானே பழக்கினன். என்ர புள்ளித்திட்டத்தில ஒரு விதி இருந்தது. கேள்வியைத் திருப்பிக் கேட்டா ரெண்டு புள்ளி குறை. கேக்கிறது வெக்கக்கேடு எண்டு என்ர மனசுக்குள்ள கிடந்ததை அப்பிடியே விதியாக்கி வச்சிருந்திருக்கிறன், வேற என்ன?

நிறுவனம் உதவிக்குக் கூப்பிட்டு இண்டர்வியூவில பக்கத்தில இருந்த யுமிகோ, நடந்ததைப் பிறகு எனக்குச் சொன்னா, அதுவும் சிங்களத்தில. எனக்கு விளங்கோணும் எண்டு! பிள்ளை முதல் கேள்விகளுக்குத் தண்ணியாப் பதில் சொல்லியிருக்கிறாள். பிறகு கேள்வி கேட்டவையள் வேகமாக் கதைக்கத் தொடங்க, எல்லாத்துக்கும் சிரிச்சுக்கொண்டு ஹை. எந்தப் பாடம் விருப்பம் எண்டாலும் ஹை. களைச்சுப்போனீரோ, நிப்பாட்டுவமோ எண்டதுக்கும் ஹை. அதோட நிப்பாட்டிப்போட்டினம்.

என்ர தலையாட்டு. என்ர சிரிப்பு. அச்சுக்குத்தினமாதிரி அப்பிடியே. அடுத்த நாள் பிள்ளையைக் கூப்பிட்டு, "விளங்காட்டி ஒருக்காத் திருப்பிக் கேட்டிருக்கலாமே அம்மா" எண்டன். கேக்கிறதுக்கு எனக்கு என்ன வாய் இருந்ததோ தெரியாது. அவள் கோவிக்கேல்லை, அழவும் இல்லை, என்னை ஆச்சரியமாத்தான் பாத்தாள்.

"திருப்பிக் கேட்டா ரெண்டு புள்ளி குறையும்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?"

புதுப் பேப்பர்

ஜெனிற்றாவின்ர தகப்பன் என்னை ஏசக்கூட வரேல்லை. வந்து ரெண்டு பேச்சுப் பேசியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும். அடுத்த வருஷமும் ஆள் எடுப்பினமாம், அவளுக்கும் வயசு இடம் குடுக்குது எண்டு கேள்விப்பட்ட அண்டைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கிச்சுது.

இருந்து புதுசா ஒரு வாய்மொழிப் பேப்பர் போட்டன். கேள்வி வேணுமெண்டே வேகமா வரும். திருப்பிக் கேட்டாத்தான் முழுப் புள்ளி, விளங்காமத் தலையாட்டினாச் சைபர். கேள்வி கேக்க யுமிகோவைக் கூப்பிட்டன். "போனமுறை நேரமில்லை எண்டது பொய்" எண்டும் சொன்னன். அவ "தெரியும்" எண்டுமட்டும் சொல்லிச் சிரிச்சா.

பழைய விதி பிழை எண்டு வகுப்பில சொன்னா ஒருத்தரும் நம்புற மாதிரித் தெரியேல்லை. ஆறு தவணையா நான் வெட்டின புள்ளி எல்லாருக்கும் ஞாபகம். அப்ப முதல் ஆளா நான் இருக்கிறன் எண்டு கதிரையை இழுத்துப் போட்டு யுமிகோவுக்கு முன்னால இருந்தன். ஜெனிற்றா முன் வாங்கில. யுமிகோ தயவுதாட்சண்யம் பாக்காமத் தன்ர வேகத்தில கேட்டா. ஐயோ, ஒரு சொல்லும் விளங்கேல்லை! தலை தன்ரபாட்டில ஆடத் தொடங்கிச்சுது. பிடிச்சு நிப்பாட்டிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க, "மோ இச்சிதோ ஒனெகாய்ஷிமாஸ்" எண்டன். இன்னொருக்காச் சொல்லுங்கோ எண்டு அர்த்தம். இத்தனை வருஷத்தில ஒரு ஜப்பான்காரரிட்ட நான் அதைக் கேட்டது அண்டைக்குத்தான். ஜெனிற்றாதான் வாய் திறந்தாள்.

"மிஸ்ஸுக்கு ரெண்டு புள்ளி குறை."

என்ர பிழைக்குப் பிள்ளை ஒரு வருஷத்தைக் குடுத்துது, நான் ரெண்டே ரெண்டு புள்ளியைக் குடுத்தன். இப்பிடி ஒரு அநியாயமான புள்ளித்திட்டத்தை என்னைத் தவிர வேற ஆரும் போட்டிருக்கேலாது.