உதை போன இடம்

ட்ரூடி ஹாகனுக்கு, வேட்டைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரைக் கண்டாலே குமட்டும். அதை அவள் மறைத்ததும் இல்லை. வயோமிங்கின் அந்த மலைக்காட்டுக்குள் வெளிமாநிலத்துக்காரன் எவனும் வழிகாட்டி இல்லாமல் வேட்டைக்குக் கால் வைக்கக் கூடாது என்று சட்டம். அவள் வயிறு நிறைவதே அந்தச் சட்டத்தால்தான். ஆனாலும் அதை எழுதியவனைப் பிடித்து, குளிக்காத நாலு வேட்டைக்காரர்களோடு ஒரே கூடாரத்தில் ஒரு வாரம் அடைத்துப் போட வேண்டும் என்பாள்.

வார்ட் பிக்கெட் நடத்திய முகாமில் அவள் நெடுநாள் வழிகாட்டி. டூபாய்ஸ் ஊரிலிருந்து கோவேறு கழுதைகளில் கூடாரமும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு, ஒரு பகல் முழுக்கக் குதிரையில் மலையேறினால் வரும் முகாம் அது. ட்ரூடிக்குப் புருஷன் என்று ஒருத்தன் இருந்தான். எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று கேஸ்பருக்குப் போனவன் அங்கேயே வேறு குடித்தனம் பார்த்துக்கொண்டான். அவன் போனதற்கு அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. போகிறபோது அவளுடைய நல்ல சேணத்தையும் தூக்கிக்கொண்டு போனானே, அதற்குத்தான் வருஷக்கணக்காகத் திட்டினாள்.

அவளுடைய பிழைப்பு காதில் இருந்தது. செப்டம்பர் கடைசியில் எல்க் மான்களில் கலைகள், அதாவது ஆண் மான்கள், இணை தேடிக் கூவும். நெளிவு நெளிவான ரப்பர் குழாய் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு ட்ரூடியும் கூவுவாள். தன் பெட்டைகளைத் தட்டிக்கொண்டு போக எவனோ வந்துவிட்டான் என்று கலை கொதித்துப்போய்ப் பதில் கூவும். அந்தப் பதிலை வைத்தே அது எந்த மலைமடிப்பில் நிற்கிறது, கிழடா இளசா, இறங்கி வருமா, சும்மா சவடால் விடுகிறதா என்று சொல்லிவிடுவாள். துப்பாக்கி வெடித்தால் பந்திக்குக் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு கரடி வரும் காடு வேறு. காது போனால் அங்கே வேலையும் இல்லை, உயிருக்கு உத்தரவாதமும் இல்லை.

அதில் வலது காது ஏற்கெனவே போய்விட்டது. அதைத் தின்றது பிரேக்.

முன்பெல்லாம் துப்பாக்கி நல்ல கனமாக இருக்கும். சுட்டால் வரும் உதையில் பாதியை அந்தக் கனமே வாங்கிக்கொள்ளும். இப்போது வருகிற துரைமார்களுக்கு அதைத் தூக்கிக்கொண்டு மலையேற மூச்சு வாங்குகிறது. அதனால் கட்டையை நார் இழையில் செய்து, குழலைச் சீவிச் சீவி மெலிதாக்கி, குழந்தை விளையாட்டுச் சாமான் போல ஒன்றைச் செய்து வாங்கிக்கொள்கிறார்கள். சரி, தோட்டாவையாவது சின்னதாக்குவார்களா என்றால், அது முடியாதாம். ஆம்பளை கௌரவம், மாக்னம்தான் வேண்டும். லேசான துப்பாக்கியும் பெரிய தோட்டாவும் சேர்ந்தால் தோள்பட்டை என்ன ஆகும்? உடனே ஐயோ வலிக்கிறதே என்று, பக்கவாட்டில் துளை போட்ட இரும்புக் குப்பி ஒன்றைக் குழல் முனையில் திருகிக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர்தான் பிரேக். வெடிக்கிற வாயு முன்னால் போகாமல் இரண்டு பக்கமும் பீறிட்டு அடிக்கும். உதை பாதியாகிவிடும். பக்கத்தில் படுத்திருக்கிறவர் காது கிழிந்துவிடும். பக்கத்தில் படுத்திருப்பது வழிகாட்டி.

“கனத்தைக் கழுதை சுமக்கணும், உதையை என் காது சுமக்கணும். அப்புறம் இவனுங்க எதுக்குத்தான் இங்க வர்றானுங்க?” என்று ஒரு முறை வார்டிடம் கேட்டாள்.

“போட்டோ எடுக்க,” என்றான் வார்ட்.

சிரித்தானே தவிர, மனுஷன் அதன்பின் முகாமில் பிரேக்குக்குத் தடை போட்டான். எந்தத் துப்பாக்கியானாலும் சுடுகிறவன் முதலில் ‘காது’ என்று சொல்ல வேண்டும், வழிகாட்டி இரண்டு காதையும் பொத்திய பிறகே விசையைத் தொட வேண்டும் என்றும் வழக்கம் வைத்தான். அந்த வழக்கத்தில்தான் ட்ரூடியின் இடது காது பிழைத்துக் கிடந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் கிரெய்க் வோஸ் என்பவன் வந்தான். ஒஹாயோவில் கூரை போடும் கம்பெனி வைத்திருப்பவன். முந்தின வருஷமும் வந்திருந்தான். வாயில் எப்போதும் புகையிலை ஒதுக்கியிருப்பான். மலையில் அது ஒன்றும் புதிதில்லை, எல்லோரும் மண்ணில் துப்புவார்கள். இவன் மட்டும் கண்ணாடி மாதிரித் தெரியும் தண்ணீர் பாட்டிலில் துப்பி, அந்தப் பழுப்புத் தண்ணீரைச் சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கு மசியலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வான். ட்ரூடி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

புதுத் துப்பாக்கியோடு வந்திருந்தான். முனையில் பிரேக் பளபளத்தது.

“அதக் கழட்டுங்க, கிரெய்க். இங்க அது ஆகாது.”

“கழட்டினா எப்படிம்மா சுடறது? போன வருஷம் என் தோள் கத்திரிக்கா கலர்ல இருந்துச்சே, மறந்துட்டீங்களா?”

“மறக்கல. விசையத் தொடுறதுக்கு முன்னாடியே நீங்க கண்ண மூடிக்கிட்டதும் மறக்கல.”

அடுப்படியில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கிரெய்க் முகம் சிவந்து வார்டிடம் போனான். கொஞ்ச நேரத்தில் வார்ட் ட்ரூடியைக் குதிரைப் பட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

“இந்த ஒரு தடவ விட்டுக் குடேன், ட்ரூடி. அடுத்த வருஷம் கூட்டாளிங்களையெல்லாம் கூட்டிட்டு வரேங்கறான். காதுல எதையாவது அடைச்சுக்க.”

“அடைச்சுக்கிட்டா மான் கூவுறது யாருக்குக் கேக்கும்? உன் கழுதைக்கா?”

“அப்ப நீயே பாத்து அவனுக்கு வலிக்காம ஏதாவது பண்ணு.”

முகத்தில் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு. துப்பவில்லை. பழைய சேணத் தோலை வெட்டி, கட்டையின் அடிப்பகுதிக்கு உறை ஒன்று தைத்தாள். அதில் பை வைத்து, பறவை சுடும் தோட்டாக்களை உடைத்து ஈயக் குண்டுகளைக் கொட்டி நிரப்பினாள். தோளில் படும் இடத்துக்கு, உடைந்த பழைய துப்பாக்கி ஒன்றிலிருந்து கனத்த ரப்பர் அட்டையைப் பிடுங்கி வைத்துக் கட்டினாள். மருந்து குறைத்து அடைத்த தோட்டாக்களை வார்டின் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டாள். பிரேக்கைக் கழற்றிக் கிரெய்க் கையில் கொடுத்துவிட்டு, குழல் முனையில் அது இருந்த திருகு மரைக்கு மூடி போட்டாள்.

பிறகு தோட்டா போடாமலே, போட்டதாகச் சொல்லித் துப்பாக்கியை நீட்டினாள். கிரெய்க் விசையை இழுத்தான். வெறும் ‘டிக்’ சத்தம்தான். குழல் மட்டும் பயந்துபோய்த் தரையைப் பார்த்துக் குனிந்தது.

“பாத்தீங்களா? அது உதைக்கவே இல்ல, நீங்களா உதைச்சுக்கிட்டீங்க. இழுத்துத் தோளோட ஒட்டிப் பிடிங்க. இடைவெளி விட்டாத்தான் அடிக்கும்.”

அன்று பிற்பகல் முழுவதும் அவனோடு மல்லுக்கட்டினாள். மாலைக்குள் காகிதத் தட்டின் நடுவில் அவன் வரிசையாகத் துளை போட்டான். பிரேக் இல்லாத துப்பாக்கிக்கு ஏற்றபடி குறிக் கண்ணாடியைத் திருகிச் சரிசெய்து வைத்தாள்.

“அட, வலிக்கவே இல்லையே! நீங்க தங்கம், ட்ரூடி!” என்றான். அந்த ஒரு நிமிஷம் அவனை அவளுக்குக் கொஞ்சம் பிடிக்கக்கூடச் செய்தது. உடனே அவன் பாட்டிலை எடுத்துத் துப்பினான்.

மறுநாள் விடியலில் ஏறினார்கள். பாதி வழியில் வயிறு சரியில்லை என்று மரங்களுக்குப் பின்னால் போனவன் வெகு நேரம் கழித்து வந்தான். துப்பாக்கி முதுகில் தொங்கியது. முனையில் பனி புகாமல் துணியுறை மாட்டியிருந்தான். ட்ரூடி கவனிக்கவில்லை. அவள் கவனமெல்லாம் மேலே கேட்ட கூவலில் இருந்தது. கனத்த தொண்டை, கடைசியில் கரகரப்பு. வயசான கலை, கோபக்காரன், இறங்கி வருவான்.

விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் பதுங்கினார்கள். கிரெய்க்கைத் தன் வலப்பக்கம், செத்த காதுப் பக்கம் உட்கார வைத்தாள். குழாயை இரண்டு கையாலும் பிடித்துக் கூவினாள். பதில் வந்தது. மறுபடி கூவினாள். நேரே வர வேண்டிய கலை இடப்புறம் சுற்றிக்கொண்டு வந்தது. நன்றாகப் பார்க்க வேண்டி, கிரெய்க் அவள் முதுகுக்குப் பின்னாலேயே ஊர்ந்து இடப்பக்கம் போனான். கலை வெட்டவெளிக்கு வந்து நிற்கட்டும் என்று ட்ரூடி கடைசியாக ஒரு முறை குழாயை வாயில் வைத்தாள்.

‘காது’ என்று அவன் சொல்லவில்லை.

முதல் வெடியில் தலைக்குள் ஏதோ முறிந்தது போலிருந்தது. கலை வயிற்றைக் குறுக்கிக்கொண்டு தள்ளாடியது. பிரேக்கை மாட்டினால் குண்டு விழும் இடமே மாறிவிடும். அது குடலில் விழுந்திருந்தது. கிரெய்க் மறுபடி சுட்டான், மறுபடியும் சுட்டான். கைகளைக் காதுக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கலை முதுகெலும்பு உடைந்து விழுந்தது. ட்ரூடி பனியில் முகம் பதித்துக் கிடந்தாள். உலகம் சுற்றியது. அப்படியே வாந்தி எடுத்தாள்.

நிமிர்ந்தபோது கிரெய்க் எதிரே குதித்துக்கொண்டிருந்தான். தோலுறை, பையில் ஈயம் இல்லாமல் சப்பிப்போய்த் தொங்கியது. வயிறு சரியில்லை என்று ஒதுங்கியபோதே, கனக்கிறதென்று மரத்தடியில் கொட்டியிருக்கிறான். கொட்டியதும் உதைக்குமே என்ற பயம் வந்திருக்கிறது. சட்டைப் பையிலிருந்த பிரேக்கை எடுத்து அங்கேயே திருகி மாட்டியிருக்கிறான். அவன் உதடுகள் அசைந்தன. அவளுக்கு ஒரு விசில் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவன் தோளைத் தட்டித் தட்டிக் காட்டி, அதையே திரும்பத் திரும்பச் சொன்னதால் புரிந்துவிட்டது.

“தோள்ல ஒண்ணுமே தெரியல! ஒண்ணுமே தெரியல!”

இப்படிப்பட்ட ஒருவனை என்ன செய்வது? அவள் கத்தியை எடுத்து வேலையைப் பார்த்தாள். குடல் கிழிந்த மானின் நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பச்சையாகக் கசிந்து நல்ல இறைச்சியெல்லாம் கெட்டுக் கிடந்தது. முழங்கைவரை அதில் தோய்ந்துகொண்டே, இரண்டு அறுப்புக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்தாள். கரடி முதுகுக்குப் பின்னால் வந்து மூச்சு விட்டாலும் இனி அவளுக்குத் தெரியாது. கிரெய்க் கொம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கேமராவில் தன்னைத்தானே எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திடீரென்று அவன் எதிர் மலைப்பக்கம் திரும்பினான். ட்ரூடியும் திரும்பினாள். மேட்டில் இன்னொரு கலை நின்றது. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, வெள்ளை ஆவி வெகு நேரம் வெளியே வரும்படி கூவியது. கிரெய்க் மகிழ்ச்சியோடு அவளைப் பார்த்து, கேட்டதா என்பது போலப் புருவத்தை உயர்த்தினான்.

அவள் கத்தியைப் பனியில் துடைத்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.

முகாமுக்கு வந்து சேரும்போது எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். கிரெய்க்கின் துப்பாக்கியிலிருந்து கழற்றிய பிரேக்கை அவள் வார்ட் முன்னால் மேஜையில் போட்டாள். அது உருண்டு போய் ரொட்டிக் கூடையில் முட்டி நின்றது. வார்ட் அதைப் பார்த்தான், கிரெய்க்கைப் பார்த்தான், ட்ரூடியின் முகத்தைப் பார்த்தான். அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய், தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசினான். கண் கலங்கியிருந்தது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான். தான்தான் அவனை உள்ளே விட்டது என்று சொல்லியிருப்பான், மன்னிப்புக் கேட்டிருப்பான், நல்லபடியாகவே கேட்டிருப்பான். பேசி முடித்து, பாரம் இறங்கியவன் போலப் பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சைப் பார்த்ததும் பகலெல்லாம் அடக்கி வைத்திருந்த அருவருப்பு முழுவதும் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. தன் குரலே தனக்குக் கேட்காததால், சாப்பாட்டுக் கூடாரமே அடங்கிப்போகும்படி கத்திச் சொன்னாள்.

“ஒரு வார்த்த கேக்கல, வார்ட். நீ சொன்னதுல ஒரு வார்த்த எனக்குக் கேக்கல. சொல்லிட்டோம்னு நெனச்சுக்கிட்டுப் போய் நிம்மதியாப் படுத்துடாத.”